செந்தூர்பாண்டி அண்ணாச்சி ஆற்றில் போட்ட துணி

மாவட்ட ஆளுநர் அவர்களே, மண்டலத் தலைவர் அவர்களே, அம்பாசமுத்திரம் தொடங்கி ஆழ்வார்திருநகரி வரை ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கும் நம் சேவைச் சங்கங்களின் நிர்வாகிகளே, விக்கிரமசிங்கபுரத்து வியாபாரப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொன்செல்வி மதினி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் ஆற்றுப்பணிக் குழுத் தலைவர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி போன வாரம் தன் ஜவுளிக்கடையில் யாருக்கோ வேட்டி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அவரைப் புகழ்ந்து பேசத்தான் சங்கத் தலைவர் என்கிற முறையில் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். புகழ்வது சுலபம். நான் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், எத்தனையோ பேருக்கு வழியனுப்பு விழாவில் வார்த்தையால் மாலை போட்டிருக்கிறேன். ஆனால் இன்று ஒரு காரியத்தை முடிக்காமல் புகழ எனக்கு வாய் வராது.

இந்த மேடையில் ஒரு கேடயம் துணி மூடி இருக்கிறது. அண்ணாச்சிக்கு 'சேவைச் செம்மல்' பட்டம் கொடுத்து, அதை அவர் மனைவி பொன்செல்வி மதினி கையில் தருவதாக ஏற்பாடு. முந்தாநாள் அதைச் சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதினி என்னை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, பிறகு சொன்னார்கள்: "கேடயம் வேண்டாம் சார்வாள். அவிய நெஞ்சுவலியில போனாவ. அதுக்கு நான் ஒங்களக் குத்தஞ் சொல்லல. ஆனா கெட்ட பேரோட போயிட்டாவ. படித்துறையில அன்னைக்கி என்ன நடந்துன்னு ஒங்க சங்கத்துலயிருந்து ஒரு ஆளு மைக்கப் புடிச்சுச் சொல்லட்டும். அது போதும் எனக்கு."

அதைச் சொல்லத்தான் நிற்கிறேன். அதற்கு முன்னால், அவரைத் தெரியாதவர்கள் சிலர் இங்கே இருக்கலாம், அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

பாபநாசத்தில் அமாவாசைக்கு அமாவாசை என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். முழுகுகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் அதோடு போய்விடுமாம்! சேலை, வேட்டி, துண்டு என்று பாறை இடுக்கெல்லாம் சுற்றிக்கொண்டு கிடக்கும். அதை எடுக்க நம் சங்கத்தில் ஒரு குழு போட்டோம். குழு என்றால் என்ன குழு? அண்ணாச்சியும், லோடு ஆட்டோ ஓட்டும் பூதத்தானும், கைக்கு அகப்பட்ட இரண்டு பேரும்தான். மீதிப் பேர் குழுவில் பெயராக இருந்தோம்.

அண்ணாச்சி ஒன்றும் வாய்மூடிச் சேவை செய்த ஆள் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கரையில் இருப்பவர்களைச் சத்தம் போடுவார். "ஒம்ம பாவம் ஆத்தோட போகல, வே! எங்க பூதத்தான் ஆட்டோலதான் போகுது. வாடகையாவது குடுத்துட்டுப் போரும்!" என்பார். அவர்களும் சிரிப்பார்கள். ஜவுளி வியாபாரி ஆற்றில் துணி பொறுக்கலாமா என்று ஒருநாள் கேலியாகக் கேட்டேன். "நான் வித்த சேலையும் இதுக்குள்ள கெடக்கும்லா சார்வாள்? கடைக்கு வந்து சாயம் போச்சுன்னு சொன்னா மாத்திக் குடுக்கேன். ஆத்துல போட்டா எடுத்துக் குடுக்க மாட்டனா?" என்றார்.

வெள்ளம் வந்த அந்த மார்கழியை நினைத்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் நனைந்த துணியோடு ஜனம் ஒண்டிக்கிடந்தது. நாம் வீடு வீடாகப் பழைய துணி வாங்கி மூட்டை கட்டினோம். அண்ணாச்சி கடையைத் திறந்து புதுத் துணியாக இறக்கினார். யாருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று பெண்களிடம் கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். "இந்த நேரத்துல நிறமா முக்கியம், அண்ணாச்சி?" என்று நான் எரிச்சல்பட்டேன். "வீடு போயிட்டு. சேலையாவது புடிச்சதா இருக்கட்டுமே" என்றார். எனக்கு அது அன்று விளங்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி இந்த ஊர் கடைசியாக என்ன பேசியது? சொல்லட்டுமா?

தை அமாவாசை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்கங்களின் மாவட்ட ஆளுநர் படித்துறைக்கு வருவதாக இருந்தது. ஆற்றைச் சுத்தம் செய்யும் பெருமுகாம். நம் சங்கங்களில் ஒரு செயல்திட்டம் கணக்கில் ஏற வேண்டுமானால் பதாகையும் படமும் வேண்டும், ஆளுநர் கையாலேயே நடந்தால் அதற்குத் தனி மதிப்பு. அதனால், ஞாயிறு வரைக்கும் துணியைத் தொட வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தோம். கேட்கிற ஆளா அவர்? சனிக்கிழமையே இறங்கி, ஒரு துண்டு விடாமல் எல்லாவற்றையும் கரையேற்றிக் காயப்போட்டுவிட்டார். "அழுக்கு ஆளுநருக்காகக் காத்துக் கெடக்குமா, வே?" என்று பூதத்தானிடம் சொல்லியிருக்கிறார்.

ஞாயிறு காலை நாங்கள் போய்ப் பார்க்கிறோம். தண்ணீர் கண்ணாடியாக ஓடுகிறது. அடியில் மீன் தெரிகிறது. எங்களுக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் அல்லவா? ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை! பதாகை கட்டியாயிற்று, தொப்பி கொடுத்தாயிற்று, கையுறை வந்தாயிற்று, பத்திரிகைக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். எடுப்பதற்கு ஆற்றில் ஒன்றும் இல்லை.

அப்போது எங்களில் ஒருவர், கரையில் கிடந்த துணியில் கொஞ்சத்தை மறுபடியும் தண்ணீரில் போடலாமே என்றார்.

அண்ணாச்சி அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியது. "எடுத்தத திரும்பப் போடவா? நான் மாட்டேன் சார்வாள்" என்றார். ஆளுநர் கார் அம்பாசமுத்திரம் தாண்டிவிட்டது, சங்கத்தின் மானம் உங்கள் கையில் என்று கெஞ்சினோம். பிறகு, "சரி, நானே போடுதேன். நீங்க போட்டா ஆழத்துல போட்டுருவிய, பொறவு எடுக்க வராது" என்று சொல்லி, காய்ந்தும் காயாமலும் கிடந்த துணியை வாரி, கரையோரமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார்.

ஆளுநர் அவர்களே, உங்களை ஏமாற்றினோம். நீங்கள் பேன்டை மடித்துவிட்டு இறங்கி எடுத்தீர்களே, அந்த மஞ்சள் சேலை, அது முந்தின நாளே எடுக்கப்பட்ட சேலை. படத்துக்கு நிற்கும்போது நீங்கள் அண்ணாச்சியைப் பக்கத்தில் அழைத்தீர்கள். அவர் வரவில்லை. நாமெல்லாம் பொங்கலும் வடையும் சாப்பிடப் போன பிறகு, "படம் எடுத்தாச்சுல்லா? இனி வேலையப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். மிதந்து போனதையெல்லாம் மதியம் வரைக்கும் தேடித் தேடி எடுத்திருக்கிறார்.

அவர் துணியைப் போடும்போது எதிர்க்கரையிலிருந்து யாரோ கைபேசியில் படம் எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே அது வாட்ஸப்பில் ஊர் முழுக்கச் சுற்றியது. 'விற்காத பழைய சரக்கை ஆற்றில் கொட்டிவிட்டு, அதை எடுத்துப் பெயர் வாங்கும் ஜவுளிக்கடைக்காரர்!' இங்கே இருக்கிறவர்களில் எத்தனை பேர் அதை அடுத்தவருக்கு அனுப்பினோம்? தலையைக் குனிய வேண்டாம். உண்மை தெரிந்த நாங்களே வாயைத் திறக்காதபோது உங்களை நான் என்ன சொல்ல?

கடைக்கு வந்தவர்கள், "அண்ணாச்சி, இது புதுச் சேலையா, ஆத்துல எடுத்த சேலையா?" என்று கேட்டார்கள். விளையாட்டாகத்தான் கேட்டார்கள். மதினி கல்லாவில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் ஒருவன் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிச் சிரித்தபோது பூதத்தான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். உண்மையைச் சொன்னான். யார் நம்புவார்கள்? "அவரு ஆட்டோக்காரன்தானலே நீ" என்று முடித்துவிட்டார்கள்.

அண்ணாச்சி என்னிடம் வந்தார். நடந்ததை நடந்தபடி சங்கத்தின் பெயரில் நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். அந்தச் சமயம் பார்த்து நம் பெருமுகாம் சிறந்த செயல்திட்ட விருதுக்குத் தேர்வாகியிருந்தது. விருது கைக்கு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றோம். ஆனி மாதம் குற்றாலத்தில் வைத்து விருதை வாங்கினோம். சால்வை போட்டுக்கொண்டோம். அண்ணாச்சி வரவில்லை. திரும்பி வந்தபின் மறுபடியும் கேட்டார். ஊர் மறந்துவிட்டது, நாமே எதற்குக் கிளற வேண்டும் என்றோம். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஊரா மறந்தது? ஆடி அமாவாசைக்கு அவர் ஆற்றில் இறங்கியபோது, "இன்னைக்கி எத்தன கட்டு போட்டிய?" என்று சில இளவட்டங்கள் கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றார்களாம். "எடுங்கலே, நல்லா எடுங்க. ஒரு கையால படம் எடுத்துட்டு மறுகையால இதப் புடிங்க" என்று ஈரச் சேலையின் நுனியை அவர்கள் பக்கம் எறிந்திருக்கிறார். இரண்டு பேர் பிடித்து இழுத்தார்களாம். அதைச் சொல்லும்போது பூதத்தான் அழுதுவிட்டான். எனக்கு அழக்கூட முகம் இல்லை.

செயலாளர் எனக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரமாகிவிட்டதாம். ஆமாம், நேரமாகிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் தை மாதமே கடந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், செயலாளரே.

சற்று முன்னால் நான் என்ன சொன்னேன் என்று கவனித்தீர்களா? 'எங்களில் ஒருவர்' என்றேன். கெஞ்சினோம் என்றேன், சொல்லிக்கொள்ளலாம் என்றோம் என்றேன். நான் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன். அங்கே எல்லாரும் சேர்ந்து முழங்காலில் நின்று ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்லுவோம். சேர்ந்து சொல்லும்போது ஒருவருக்கும் உறுத்தாது, பக்கத்தில் இருப்பவரின் சத்தத்தில் நம் சத்தம் மறைந்துவிடும். அந்தப் பழக்கத்திலேயே இங்கேயும் தப்பிக்கப் பார்த்தேன்.

மதினி, நீங்கள் சங்கத்திலிருந்து ஒரு ஆள் என்றுதான் கேட்டீர்கள். யார் என்று கேட்கவில்லை. உங்களிடம்கூட அவர் "சங்கத்துல சொன்னாவ" என்பதற்கு மேல் பெயர் சொல்லவில்லை என்பது முந்தாநாள்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு அப்போதும் பேசாமல் வந்தேன். வெட்கமாக இருக்கிறது, மதினி. வீட்டில் கண்ணாடி பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

ஆளுநர் அவர்களே, அந்த விருதை இன்றே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், காரில் கொண்டுவந்திருக்கிறேன். இந்தக் கேடயத்தையும் எடுத்துச் சென்றுவிடுங்கள். நம் சங்கத்தின் ஆற்றுப்பணி நிற்காது. வருகிற அமாவாசைக்கு மறுநாள் நான் ஆற்றில் இருப்பேன். பதாகை கிடையாது, தொப்பி கிடையாது. எனக்கு நீச்சல் தெரியாது, ஓரத்தில் நின்று இழுக்கத் தெரியும். வர விரும்புகிறவர்கள் பூதத்தானிடம் சொல்லிவிட்டு வாருங்கள். இனி அந்தக் குழுவுக்கு அவன்தான் தலைவன். நான் அவன் சொல்கிறபடி செய்வேன். என் அருமை செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்கு என்னால் செய்ய முடிந்த அஞ்சலி இவ்வளவுதான்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லாரும் கைபேசியை எடுங்கள். ஆமாம், இரங்கல் கூட்டத்தில்தான் கேட்கிறேன். எடுங்கள். என் முகம் தெளிவாகத் தெரிகிறதா? அந்தப் படம் எந்தெந்தக் குழுவுக்கெல்லாம் போயிற்றோ, இதையும் அங்கெல்லாம் அனுப்புங்கள்.

என் பெயர் கிருபைராஜ். இந்தச் சங்கத்தின் தலைவர். பாபநாசம் படித்துறையில் செந்தூர்பாண்டி அண்ணாச்சி ஆற்றில் துணி போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அவர் கடைச் சரக்கு இல்லை. முந்தின நாள் அவரே ஆற்றிலிருந்து எடுத்த துணி. திரும்பப் போடச் சொன்னது நான். அவர் மாட்டேன் என்றார். நான் விடவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை என்னிடம் வந்து கேட்டார். விருதுக்காக நான் சொல்லவில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மதினி, போதுமா? விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அதையும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.