ரேடியேட்டரில் மிச்சமிருக்கும் தண்ணீர்

என் பெயர் லோகநாதன், வயது முப்பத்தாறு, தகப்பனார் பெயர் சின்னப்பையன், வியாசர்பாடியில் குடியிருக்கிறேன். இராயபுரத்தில் விறகுத்தொட்டி வைத்திருக்கும் சுயம்பு முதலாளியிடம் லாரி டிரைவர். லாரி, சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டதில் எடுத்த பழைய வண்டி. அதன் இஞ்சினை நான் வேண்டுமென்றே பிளந்துவிட்டதாக முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். நான் செய்யவில்லை. அதற்கு அத்தாட்சி அவருடைய கொட்டகையிலேயே இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியாது. ஏட்டையா கொஞ்சம் வேகமாக எழுத வேண்டும்.

கொஞ்ச நாளாகவே வண்டி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. காலையில் நிரப்பினால் மத்தியானம் குறைந்திருக்கும், நிறுத்திய இடத்திலோ ஒரு சொட்டு ஈரம் இராது. ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்த்தேன், பம்பைப் பார்த்தேன். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன், தண்ணீர் கலந்தால் வரும் மோர் நிறமும் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னதற்கு, "ஓடுத வண்டிய எதுக்குவே நிறுத்தச் சொல்லுத?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கூலியாட்கள் எதிரிலேயே, "இந்த டப்பாவ ஒருநாளு ஒடச்சிப் போட்டுட்டு போய்க்கினே இருப்பேன்" என்று கத்தினேன். கத்தியது உண்மை. தவளை தன் வாயால் கெட்டது.

நேற்று மத்தியானம் எண்ணூரில் சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு திரும்பினேன். கூட வந்தது சுப்புராஜ், முதலாளியின் தங்கை மகன், ஊரிலிருந்து வந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. உப்பங்கழிக் கரை ஓரம் வரும்போது ரேடியேட்டர் ஆவி கக்கியது. வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் அடியில் ஈயப்பற்று சூட்டில் விரிந்து ஒழுகியது. ஒழுகினதை விசிறிக் காற்று இஞ்சின் மேல் அடித்துக் காயவைத்தது. தரை நனையாததற்குக் காரணம் அதுதான். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம். அதன் பிறகு இஞ்சினை அணைத்து, சோப்புக் கட்டியைப் பிசைந்து அந்த இடத்தில் அப்பினேன். "மூடியத் தொட்றாத நைனா. கொதிக்கிற இஞ்சின்ல பச்சத்தண்ணி ஊத்துனா பொளந்துக்கும். நான் நல்ல தண்ணி எடுத்துனு வரேன்" என்று சொல்லிவிட்டு முகத்துவாரக்குப்பத்துக்கு நடந்தேன். அங்கே ராஜாத்தி என்ற அம்மாள் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு கொடுத்தாள்.

திரும்பி வந்தால் சுப்புராஜ் முழங்கால் வரை சேறும் தண்ணீருமாக நிற்கிறான், பக்கத்தில் தகர டின். "நேரமானா மாமா வைவாவண்ணே. நானே கழித்தண்ணிய மோந்து ஊத்திட்டேன்" என்றான். இஞ்சின் பக்கவாட்டில் ஒரு சாண் பிளந்து நீர் கசிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். பிளவுக்குக் கீழே இருந்த தண்ணீர், சோப்பு அடைத்திருந்ததால் அப்படியே நின்றது. குடத்துத் தண்ணீர் ஒரு துளியும் உள்ளே போகவில்லை. அவன் என் கையைப் பிடித்து அழுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. "உடு, நான் பாத்துக்கறேன்" என்றேன். அதன் பிறகு வேறொரு லாரியில் கயிறு கட்டி வண்டியை இழுத்துவந்து கொட்டகையில் விட்டோம்.

இன்று காலை முதலாளி கேட்டபோது சுப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "டிரைவர்தான் குப்பத்துக் குடத்துத் தண்ணிய ஊத்துனாவ" என்றான். ராஜாத்தியைக் கேட்டால் குடம் கொடுத்தேன் என்பாள், அதுவும் எனக்கே பாதகமாக முடியும். நான் லைசென்ஸை இழந்து ஜெயிலுக்குப் போவதும் போகாததும் அடியில் நிற்கிற அந்தத் தண்ணீரில் இருக்கிறது. உப்பாக இருந்தால் அது குடத்துத் தண்ணீர் அல்ல.

என்னை இங்கே கூட்டிவரும்போது இஞ்சின் பழுது பார்க்கிற பிட்டர் அமீர் பாயை அழைக்க ஆள் போய்க்கொண்டிருந்தது. பாய் நல்ல மனிதர், ஆனால் இந்தத் தகராறு அவருக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடிப்பார். யாராவது முன்னால் போய் ஒரு வாய் ருசி பார்த்தால் போதும்.

இதுவரை சொன்னதில் பொய் இல்லை. எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குவது வழக்கம் என்றீர்கள். படிக்க வேண்டாம் ஐயா. என்ன எழுதியிருந்தாலும் போட்டுவிட்டேன், ஆளை அனுப்புங்கள்.

(ஒப்பம்) சி. லோகநாதன்