ஆறு உள்ளே வந்த வீடு

எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மீன் கூடைக்காரி, மடியில் துணிமூட்டை வைத்திருந்த வயதானவளிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"இன்னாக்கா, மூட்டையும் கையுமா?"

"மாத்தூருக்கு, புள்ள வூட்டுக்கு. இனிமே அங்கதான். எங்க வூட்டு போர் கெணத்துக்குள்ள ஆறு பூந்துகிச்சு."

"ஆறா?"

"ஆமா. குளிச்சா ஒடம்பெல்லாம் உப்பு. முன்னாடி மண்ணுக்கு அடியில கீற நல்ல தண்ணி ஆத்துக்கு ஊறிப் போவும். கரையோரம் அந்த ஊத்தாண்டதான் இறால் குஞ்சு மொய்க்கும், அத்த தின்ன கொக்குங்க வரும். அப்பால ஆளாளுக்கு போர் போட்டு உறிஞ்சிட்டானுங்க. அடியில காலியானதும் ஆத்துல ஏறி வர்ற கடல் தண்ணி மண்ணுக்குள்ள திரும்பிட்ச்சு. ஊத்தும் நின்னு போச்சு."

"இப்ப கொக்கே வர்றதில்லியா?"

"ஒண்ணு மட்டும் வந்துகினு இருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு போனதுலேந்து வூட்ல பேச ஆளில்ல. ஆத்தோரம் தொவைக்கற கல்லாண்ட குந்திகினு அதோடதான் பேசுவேன். பறக்காம நின்னு கேக்கும்."

"அத்த வுட்டுட்டா போற?"

வயதானவள் சன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்த்தாள்.

"தின்ன ஒண்ணுமில்லாத எடத்துல அது மட்டும் எத்தினி நாளு நிக்கும்? பொங்கலுக்கு அப்புறம் வர்ல. ரொம்ப நாளு பாத்தேன். அப்பறந்தான் புள்ளைக்கு போன் போட்டு, நான் வந்துடறேன் நைனான்னு சொன்னேன்."