வடதிசை வழிகளை வசமாக்கிய முகைதீன் பிச்சை அவர்கட்கு

மதுரை மேலமாசி வீதி, பாண்டிவள நாட்டு யாத்திரை நிலையத்தில் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றி, வெகுதானிய ஆண்டு பங்குனித் திங்களில் ஓய்வுபெறும் யாத்திரை மானேஜர் ஜனாப் முகைதீன் பிச்சை அவர்கட்கு, நிலையத்து ஊழியர் யாவரும் உவகையும் உருக்கமும் ஒருங்கே கொண்டு வாசித்தளிக்கும் மடல்.

திசையறிந்த செம்மலே!

இமயம் முதல் குமரி வரை இருப்புப்பாதை எங்கெங்கு ஓடுகிறதோ அங்கெல்லாம் தங்கள் சிந்தையும் ஓடியது. காசிக்குப் போகும் கள்ளந்திரி உழவருக்கும், அஜ்மீர் தர்காவுக்குப் போகும் காஜிமார் தெருக் குடும்பத்தாருக்கும், ஆக்ராவின் அழகைக் காண ஆசைப்பட்ட வக்கீல்மாருக்கும் தாங்கள் ஒரே கவனத்தோடு வழி வகுத்தீர்கள். எந்த ஜங்ஷனில் வண்டி மாற வேண்டும், எந்த நிலையத்தில் குடிநீர்க் குழாய் எந்தப் பக்கம், புளியோதரை எத்தனை நாள் தாங்கும், அதன்பின் அவலா பொரியா என்பது வரை எழுதிக் கையில் கொடுத்த பின்னரே பயணிகளை அனுப்புவீர்கள். போய்த் திரும்பியவர்களை மறுநாளே அழைத்து உட்காரவைத்து, வழியில் கண்டதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வீர்கள். கயாவில் ஒரு சத்திரத்துக் கிணறு வற்றிய செய்தி, கயாவின் அடுத்த தெருவுக்குத் தெரியுமுன் மேலமாசி வீதிக்குத் தெரிந்திருந்தது!

கடுமையும் தங்களிடம் இருந்தது. அதை மறைத்துப் புகழ்வது தங்களுக்கே பிடிக்காது. "சுமாராப் பத்து மணிக்கு" என்று எழுதிய எங்களில் ஒருவரை, ஸ்டேஷனுக்கே நடந்து போய் நிமிடம் கேட்டு வரச் செய்தீர்கள். வெயிலில் போய் வந்த அவர் அன்று தங்களை ஏசினார். இன்று இம்மடலில் முதல் கையொப்பம் அவருடையதே.

ஆற்றல்மிகு அண்ணலே!

யுவ ஆண்டுத் தை மாதம் நிகழ்ந்ததை இச்சபையறியச் சொல்லாமல் இம்மடல் நிறைவுறாது. தாங்களாக இதுகாறும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. உடன் சென்ற நம் ஊழியர் முத்துக்கருப்பனும், உசிலம்பட்டிப் பக்கத்துச் சின்னத்தாய் அம்மாளும் சொல்லியே நாங்கள் அறிந்தோம்.

நாற்பத்து மூவரைத் தாங்கள் காசிக்கு அழைத்துச் சென்ற பயணம் அது. அவர்களுள் சின்னத்தாய் அம்மாள் தம் கணவர் மொக்கையனின் அஸ்தியை ஒரு பித்தளைச் செம்பில் இட்டு, மஞ்சள் துணி சுற்றி, மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தார். தை அமாவாசையன்று அதைக் கங்கையில் கரைக்க வேண்டும் என்பதே மொக்கையனின் கடைசி வார்த்தை. இடார்சி ஜங்ஷனில் எல்லோரும் இறங்கி அலகாபாத் வண்டிக்கு மாறினர். தாங்கள் தலைகளை எண்ணினீர்கள், நாற்பத்திரண்டு. தண்ணீர் பிடிக்கப் போன சின்னத்தாய் அம்மாளைக் காணவில்லை!

வண்டி மாறிய அந்த அரைமணிக்குள் இரண்டு வண்டிகள் போயிருந்தன; ஒன்று டெல்லிக்கு, மற்றொன்று பம்பாய்ப் பக்கம். "எதுல ஏறுச்சுன்னு எப்பிடிண்ணே கண்டுபிடிக்கிறது?" என்று முத்துக்கருப்பன் கலங்கி நின்றார்.

"டெல்லி வண்டி பாலத்துக்கு அங்கிட்டு நின்னுச்சு. அந்தம்மா முழங்கால் வலிய வச்சுக்கிட்டுப் பாலம் ஏறியிருக்காது. எதுத்தாப்புல நின்ன பம்பாய்ப் பாசஞ்சர்லதேன் ஏறியிருக்கும்," என்றீர்கள் தாங்கள். "பின்னாடியே மெயில் வருது. ஹர்தாவுல அதுக்கு வழிவிட்டுப் பாசஞ்சர் ஒதுங்கி நிக்கும். நா மெயில்ல போறேன். நீ இவுகளக் கூட்டிக்கிட்டுக் காசிக்குப் போ."

அட்டவணையைப் புரட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை! மதுரையிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால், மொழி வேறான மண்ணில், எந்த வண்டி எந்த நிலையத்தில் எதற்கு ஒதுங்கும் என்பதை உள்ளங்கை ரேகை போல் அறிந்திருந்த அந்த அறிவை எண்ணுந்தோறும் எங்கள் மெய் சிலிர்க்கின்றது.

ஹர்தாவில் மெயில் நின்றது. மெயில் நகர்ந்ததும் பாசஞ்சரும் புறப்பட்டுவிடும். இடையில் கிடைத்தவை நான்கே நிமிடங்கள். ஐம்பத்தோராம் வயதில், ஒவ்வொரு பெட்டியின் ஜன்னலாக, "ஆத்தா! சின்னத்தாயி ஆத்தா!" என்று தமிழில் கூவிக்கொண்டு ஓடினீர்கள். கடைசிக்கு முந்திய பெட்டியிலிருந்து பதில் வந்தது.

"இங்கனதேன் இருக்கேன் பாய்! காசி வந்துருச்சா?"

தாம் வழி தவறியதே அவருக்குத் தெரியாது! தாங்களும் சொல்லவில்லை.

"இன்னும் ஒரு வண்டி மாறணும் ஆத்தா. செம்ப நா வச்சுக்கிறேன். பைய எறங்குங்க."

எவரிடமும் தராத செம்பை அவர் தங்கள் கையில் தந்தார். இறங்கிய மறுகணம் வண்டி நகர்ந்தது. எதிர்வண்டி பிடித்து இடார்சி திரும்பி, அங்கிருந்து இரவும் பகலும் பயணம் செய்து, அமாவாசை விடியலில் கங்கைக்கரை சேர்ந்தீர்கள். மற்ற நாற்பத்திருவரும் நீராடாமல் படித்துறையிலேயே காத்திருந்தனர். அம்மாள் அஸ்தியைக் கரைத்து முழுகி எழும் வரை, அவருடைய மூட்டையை ஏந்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப்படியில் வெறுங்காலோடு நின்றீர்கள்.

ஊர் திரும்பிய பிறகே உடன் வந்தவர்கள் அவருக்கு உண்மையைச் சொன்னார்கள். அவர் நம் அலுவலகப் படியேறி வந்தது எங்களுக்கு நினைவிருக்கிறது.

"நா தொலஞ்சு போனத எங்கிட்டயே சொல்லாமக் கூட்டியாந்துட்டீகளே பாய்!"

"சொல்லியிருந்தா கங்கை வரைக்கும் பயந்துக்கிட்டே வந்திருப்பீக ஆத்தா. உங்க வீட்டுக்காரரு ஆசப்பட்ட பயணம் அது. நீங்க நிம்மதியாப் போக வேணாமா?"

அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். தாங்களோ கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். வழி வகுப்பது வண்டி நேரம் பார்ப்பதோடு முடிவதில்லை என்பதை அன்றே நாங்கள் உணர்ந்தோம்.

பெருந்தகையீர்!

இவ்விழாவுக்கு அழைக்கச் சென்றபோது தங்கள் துணைவியார் பக்ருன்னிசா அம்மையார் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இருவத்தேழு வருசமா அவுக சொல்லச் சொல்லக் கேட்டே இந்தியா பூராஞ் சுத்திட்டேன். தாஜ்மகால மட்டும் ஒரு தடவ கண்ணால பாத்துட்டாத் தேவல."

கேட்ட நாங்கள் வெட்கினோம். ஊரையெல்லாம் அனுப்பிவைத்த தங்களுக்குச் சொந்தப் பயணம் ஒன்று வாய்க்கவேயில்லை! ஆகவே இம்மடலோடு ஓர் உறையையும் அளிக்கிறோம். வரும் திங்கட்கிழமை மதுரையில் ஏறித் தாங்களும் அம்மையாரும் ஆக்ராவும் அஜ்மீரும் கண்டு வருவதற்கான டிக்கெட்டும் வழித்திட்டமும் அதில் உள்ளன. திட்டம் வகுத்தவர்கள் நாங்கள். பிழையிருந்தால் பொறுத்தருள்க, திருத்த மட்டும் வேண்டா!

எல்லாம் வல்ல இறைவன் தங்களுக்கும் தங்கள் குடும்பத்தார்க்கும் நோயற்ற உடலும் நிறைந்த மனமும் நீண்ட ஆயுளும் அருள்வானாக! போகுமிடமெல்லாம் நிழலும் நன்னீரும் நல்லோர் துணையும் தங்களுக்கு வாய்க்கட்டும்! அம்மையாரை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவர் கேட்கும் வரை எந்த ஊரின் பெயரையும் சொல்லாமல், அவரே பார்க்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத
சோணை, முத்துக்கருப்பன், பாதுஷா
மற்றும் யாத்திரை நிலையத்து ஊழியர்கள்,
மதுரை.