வண்டி காத்திருக்காத கரும்பாலை

ஐந்தாவது வரைதான் படித்தேன். கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். மணலூர்பேட்டை பஸ்ஸில் முன்சீட்டு வாலிபர்கள் இருவர், செல்போன் கேமில் சேர்ந்து கட்டிய ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நெட்லேந்து எறக்கி கேம்ல சேத்தமே, கரும்புச் சக்கைய எரிச்சு கரண்டு எடுக்கிற மோட், அத எடுத்துட்டு சோலார் மோட் போடலாம் மச்சான். கரண்டு ஜாஸ்தி, வேலை கம்மி.”

“ரெண்டும் இருக்கட்டுமே.”

“ரெண்டும் சேந்தா கேம் நின்னுபோவுதுடா.”

“அத எடுத்தா என் ஆலையே அழிஞ்சிடும். ஆறு மாசமா கட்டிக்கினு கீறேன்.”

“வூட்லயும் கரும்பு, கேம்லயும் கரும்பா? இன்னாடா நீ!”

“எங்கப்பா டிராக்டரோட ரெண்டு நாளா ஆலை வாசல்ல காத்துக்கினு கீறாரு. இதுல கரும்பு தானா உள்ள போவும். ஒரு வண்டி நிக்காது.”

சோலார் கேட்டவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“சரி, சோலார் வேணாம் வுடு.”

மோட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. என் கரும்பையும் அந்த செல்போன் ஆலை எடுக்குமா என்று கேட்க நினைத்தேன். கூச்சத்தில் கேட்காமலே இறங்கிவிட்டேன்.

மாசி 12, வியாழக்கிழமை.