பின்னால் யாருமில்லை

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள் சார், ஒரு கால் ஆடும். இப்படி இந்த டயர் மேல் உட்காருங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் இதைத்தான் சொல்வேன். என் கடையில் ஒருத்தர் விழுந்து அடிபட்டார் என்ற பேச்சே வரக் கூடாது. அதில் நான் ரொம்பக் கறார்.

என் தங்கையின் கணவனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். ஆளைப் பார்த்திருப்பீர்கள், கட்டில் கொள்ளாத உடம்பு. எனக்கும் அவனுக்கும் ஆகவே ஆகாது. அவன் வீட்டுக்குப் போனால், நான் சோபாவில் உட்காரும் முன் ஓடி வந்து பழைய செய்தித்தாளை விரிப்பான். "கிரீஸ் ராஜா வந்துட்டாரு, சிம்மாசனம் போடுங்கப்பா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், தங்கையும் சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டு அந்தத் தாளின் மேலேயே உட்கார்ந்துகொள்வேன்.

போன வாரம் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். "பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது மச்சான். நல்லா மெத்துன்னு பண்ணிக் குடுங்க."

குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இருக்கிறதல்லவா, அதன் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். கொக்கி போல ஒரு ஸ்பானர் போட்டு மேல் படிக்குத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும், கீழ்ப்படிக்கு இறக்கினால் தளரும். ஆள் கனத்துக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். பின்னால் இன்னொருவர் ஏறுவதாக இருந்தால் இன்னும் இறுக்க வேண்டும். இவன் வண்டியில் வளையம் கடைசிப் படியில் இருந்தது. ஸ்பானர் பட்ட கீறல் புதுசு. அது என் கை வேலை இல்லை, வேறு எவன் கடையிலோ செய்திருக்கிறான்.

எவ்வளவு தடியனாக இருந்தாலும் தனி ஆளுக்குக் கடைசிப் படி தேவைப்படாது. அப்படியானால் பின்னால் பாரம் ஏறுகிறது, அதுவும் அடிக்கடி. என் தங்கையோ இடுப்பு வலி வந்ததிலிருந்து இந்த வண்டியில் ஏறுவதே இல்லை, எங்கே போனாலும் பஸ்தான். அப்புறம் ஏறுகிறவள் யார்?

எங்கள் தொழிலில் வளையத்தைத் தொடும் முன் ஒன்று கேட்டாக வேண்டும். கேட்டேன். "பின்னாடி யாரு உக்காருவாங்க மாப்ள?"

"யாருமில்ல மச்சான், நான் மட்டும்தான்." சொல்லிவிட்டுத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டான். பால் குடித்த பூனை மாதிரி ஒரு சிரிப்பு. கட்டினவளைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு எவளையோ ஏற்றிக்கொண்டு சுற்றுகிற பயல், என்னிடமே வந்து மெத்தை கேட்கிறான்.

அவன் போனதும் இரண்டு பக்க வளையத்தையும் முதல் படிக்கு இறக்கினேன். ஒல்லியான ஒருவர் தனியாக ஓட்டுவதற்கான படி அது. மெத்தென்று கேட்டான், மெத்தென்று செய்தேன். அவன் மட்டும் போனால் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான். இன்னொரு ஆளும் ஏறினால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். பாலத்துக்குக் கீழே அந்தத் திருப்பத்தில் ரோடு பள்ளமாக இருக்கிறதே, அங்கே சாய்த்தால் ஸ்டாண்டு தரையில் முட்டிப் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை சார். விழ வேண்டும் என்று நினைத்தேன். நடுரோட்டில், அவளோடு சேர்ந்து, நாலு பேர் பார்க்க. உண்மை பேசியிருந்தால் தப்பித்துக்கொள்வான், பொய் சொல்லியிருந்தால் வண்டி பார்த்துக்கொள்ளும். இதைவிட நியாயமாக யார் நடந்துகொள்வார்கள்?

வண்டியை எடுக்க வந்தபோது தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கு முகமெல்லாம் பல். "எங்கயோ கூட்டிட்டுப் போறாராம்ணே. கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு. உன்கிட்டச் சொன்னா என் காதுக்கு வந்துடும்னு உனக்கும் சொல்லலையாம்." பேசிக்கொண்டே இந்த ஸ்டூலில் உட்காரப் போனாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அது ஆடும்மா, விழுந்துடுவே."

அவன் வண்டியில் ஏறினான், அவளும் ஏறினாள். மட்கார்டு டயரைத் தொடுகிற அளவுக்கு இறங்கியது. முன்விளக்கு மேலே பார்த்தது.

"அண்ணே, மெத்தை மாதிரி இருக்குண்ணே," என்றாள்.

நான் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

மிச்சம் உங்களுக்கே தெரியும், அதே திருப்பத்தில்தான் விழுந்தார்கள். அவன் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவளை நேற்று அடக்கம் செய்தோம். பின்னால் ஏறிய பாரம் டைல்ஸ் பெட்டிகளாமே. நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை என்று தரையோடு ஒரு வீடு கட்டி, பெட்டி பெட்டியாகத் தானே சுமந்திருக்கிறான். அதைக் காட்டத்தான் கூட்டிப்போனானாம். அவள் இடுப்புக்காகத்தான் மெத்தென்று கேட்டானாம். இருக்கட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கடைசிவரை என்னை ஒரு மனுஷனாக அவன் மதிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு விசாரிக்க வந்த உங்கள் போலீஸ்காரர்களிடம், நான் கூப்பிட்டேன், காற்றடிக்கும் கம்ப்ரசர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். கம்ப்ரசர் ஓடவில்லை சார். நான் கூப்பிடவும் இல்லை. தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் போனார்கள். "இறங்கும்மா" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் இறங்கியிருப்பாள், நான் சொன்னால் தட்டமாட்டாள். ஆனால் ஏன் என்று அவன் கேட்பான். வளையத்தை இறக்கியது நான்தான் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்களே சொல்லுங்கள் சார், போயும் போயும் அவனிடமா?