வரிசையில் நின்ற வழக்கறிஞர் அக்காவுக்கு

கற்றறிந்த வழக்கறிஞர் எவரும் வரிசையில் நில்லார் என்னும் உலக நியதியை, கால் வீங்க வீங்கக் கடைசிவரை மீறிய எங்கள் அக்காவே! குடியேற்ற அலுவலக வாயிலின் குன்றாத குடையே! காவலரையும் கதவு திறக்கவைத்த கடுகடுப்பே! பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் யாவரும் உளமார வணங்குகிறோம்.

மேற்படி நியதியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவன் எங்கள் இளைய வழக்கறிஞன். வாய் நீளத்தின் பொருட்டு அவனுக்குச் 'சட்டப்புலி' என்று பெயரிட்டவர் நீங்களே. "டோக்கன் எடுக்கவா அக்கா நாம சட்டம் படிச்சோம்? நிக்கிறதுக்குக் கட்சிக்காரங்க, வாதாடுறதுக்கு நாம" என்று அவன் தத்துவம் பேசியபோது, "இந்தா, குடையப் பிடி. கையாவது உருப்படியா இருக்கட்டும்" என்றீர்கள். அவன் பிடிக்கவில்லை. அலுவலகம் திரும்பி, நீங்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும் அழகை நடித்துக் காட்டினான். சிரித்தோம். அந்தப் பாவத்தில் எல்லோருக்கும் பங்குண்டு.

புதுவிதி என்பது குடியேற்ற அலுவலக வாயில் கண்ணாடியில் ஒட்டப்படும் ஒற்றைத் தாள். நேற்றுவரை செல்லுபடியான சான்று இன்று செல்லாதென்று அங்கே போய் நின்றால்தான் தெரியும். "அடுத்த மாசம் வாங்க" என்று காவலர் விரலை ஆட்டினால் மனு கொடுக்கும் தவணை தவறும். தவணை தவறினால் வழக்கே முடிந்தது. அந்த விரலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் நிற்கத்தான் நீங்கள் போனீர்கள்.

வாழ்த்து மடலில் வசை கூடாது என்று தட்டச்சர் அண்ணன் எச்சரித்தார். அவரையும் வணங்கிவிட்டு எழுதுகிறோம்: அமைச்சர் மாறினால் விதி மாறும், தேர்தல் வந்தால் விதி மாறும், விதி மாறாத வாரத்தில் விளக்கம் மாறும். "காத்திருங்கள்" என்று ஆணையிட்டவர்களும் குடியேற்ற அதிகாரிகளே. காத்திருந்த காலத்தில் கட்சிக்காரரின் வேலை ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டதே என்று கதவடைத்தவர்களும் அவர்களே! வெட்கமில்லை. கையெழுத்துக்குக் கீழே முத்திரை மட்டும் இருக்கிறது.

நம் கட்சிக்காரர் ரொட்டிக்கடைக்காரரின் மகளையே எடுத்துக்கொள்வோம். அப்பாவின் குடியேற்ற மனுவில் 'குழந்தை' என்று சேர்க்கப்பட்டபோது அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. அந்த மனுவை அலமாரியில் வைத்து அடைகாத்தார்கள். இப்போது வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, வளர்ந்துவிட்டாள், ஆகையால் இனி அவள் அப்பாவின் குடும்பத்தில் இல்லை என்கிறார்கள். தூங்கியது அவர்கள் அலமாரிக் கோப்பு. வயதேறிய குற்றம் அவளுடையதாம்! மொழி தெரியாத, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத நாட்டுக்கு அவள் தனியே போகவேண்டுமாம். "அப்போ நான் வளராம இருந்திருக்கணுமா அக்கா?" என்று உங்கள் மேசை முன் நின்று கேட்டாள். வாயாடிகள் நிறைந்த நம் அலுவலகத்தில் ஆளுக்கொரு கோப்பை எடுத்துப் புரட்டினோம். சட்டப்புலிகூட ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

மேல்முறையீட்டை அவளே நேரில் வந்து கொடுக்கவேண்டும், இன்று கவுன்ட்டர் மூடுவதற்குள் கொடுக்கவேண்டும் என்பது சென்ற வாரத்துப் புதுவிதி. "விழாவத் தள்ளி வைங்க, நான் போயிட்டு வந்துடறேன்" என்று நேற்றே அடம்பிடித்தீர்கள். "ஏற்பாடு ஆயிடுச்சுக்கா, ஒரு நாளாவது உட்காருங்க" என்றோம். என்ன ஏற்பாடு என்று நீங்கள் துருவித் துருவிக் கேட்டும் வாய் திறக்கவில்லை. நம் அலுவலக வரலாற்றில் இது முதல் முறை.

அக்காவே! மூட்டுவலி முற்றும் மறந்து, முகம் கடுக்க ஒரு காரணமும் இன்றி, மாறாத விதி ஒன்றையேனும் கண்ணாரக் காணும் அளவுக்கு நெடுங்காலம் வாழ்க! நலமாய் வாழ்க! உட்கார்ந்தே வாழ்க!

இம்மடலை எழுதியவன் சட்டப்புலி. வாசிக்கவேண்டியவனும் அவன்தான். அவனுக்குப் பதில் தட்டச்சர் அண்ணன் தடுமாறித் தடுமாறி வாசிப்பதைப் பொறுத்தருள்க. வீட்டுக்குக் கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் உங்கள் குடையைத் தேடவேண்டாம். அது இந்நேரம் குடியேற்ற அலுவலக வாயிலில், ரொட்டிக்கடைக்காரருக்கும் அவர் மகளுக்கும் மேலே விரிந்திருக்கிறது. பிடித்திருப்பவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பான்.

இவண்,
உங்கள் அலுவலகத்தார்
(ஒருவர் வரிசையில்)