கட்டிக்குள் களைத்துப்போனவர்கள்

நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட அவைத் தலைவர் அவர்களே! கத்தி பிடித்த கையால் இன்று பூச்செண்டு பிடித்து அமர்ந்திருக்கும் பெரிய டாக்டர் அவர்களே! வயதாலும் அனுபவத்தாலும் என்னை உட்காரச் சொல்லும் உரிமை பெற்ற பெரியோர்களே! மருந்துச் சீட்டைப் பைக்குள்ளும் பயத்தை நெஞ்சுக்குள்ளும் மறைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே! என்னோடு பச்சை உடையில் நின்று நின்று கால் வீங்கிய தோழர்களே, தோழிகளே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இதுவரை நம் மருத்துவமனையில் ஒரு சின்ன அறையில் ஒடுங்கி நடந்த, புற்றுநோய் வைத்தியத்துக்குச் செல் வளர்க்கும் வேலை, இன்றிலிருந்து ஒரு பெரிய கூடத்தில் நடக்கப்போகிறது. அதைப் பற்றிப் பேச ஆராய்ச்சி அறிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க, ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தாறு ஆண்டு நின்ற ஒரு நர்ஸை எதற்காக மேடையேற்றினார்கள்? சாதனையைச் சொல்லவா? இல்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல நானே கேட்டு வாங்கிய மேடை இது.

நம் ரத்தத்தில் டி செல்கள் என்ற காவலர்கள் சுற்றுகிறார்கள். ரத்தப் புற்றுநோயில் எதிரியும் அதே ரத்தத்தில் சுற்றுகிறான். எதிரே வந்தால் மடக்கிவிடலாம். கட்டி அப்படியா? அது கோட்டை கட்டிக் குடியிருக்கிறது. சுவர் தடிப்பு, காற்று குறைவு, உணவு குறைவு. உள்ளே வரும் காவலரைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கும் தந்திரமும் அதற்குத் தெரியும்.

அப்படியானால் டி செல் உள்ளே போவதே இல்லையா? முன்வரிசை ஐயா ஒருவர் இல்லை என்று தலையாட்டுகிறார். அவசரப்படாதீர்கள் ஐயா! போகிறது. சுவரைத் துளைத்துப் போகிறது. போய், போராடி, களைத்து, அங்கேயே கிடக்கிறது. கட்டியை வெட்டி எடுக்கும்போது அதற்குள் அந்தக் களைத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்து, ஊட்டி, வாரக்கணக்கில் வளர்த்து, கோடிக்கணக்கில் பெருக்கி, அதே உடம்புக்குள் திருப்பி அனுப்புவதுதான் இந்த வைத்தியம். எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பலருக்குப் பலிப்பதில்லை. பலிக்கிறவர்களுக்கும் வழி கடுமையானது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி. கிரீஸ் கறை என்று நினைத்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார், சோப்புப் போட்டுத் தேய்த்தார், ஒரு வருடம் தேய்த்தார். கறையா அது? தோலில் வந்த புற்றுநோய். எங்களிடம் வந்தபோது இடுப்பு மடிப்பில் ஒரு கட்டி, முதுகில் ஒன்று, நுரையீரலில் இரண்டு. மருந்துகள் கேட்கவில்லை. மிச்சமிருந்தது இந்த ஒரு வழிதான்.

இடுப்பு மடிப்புக் கட்டியை எடுத்தோம். பெரிய டாக்டர் அதை என் கிண்ணத்தில் வைத்தார். இருபத்தாறு ஆண்டுகளில் அப்போது இருபத்திரண்டு முடிந்திருந்தது. அத்தனை ஆண்டும் வெட்டிய துண்டை என்ன செய்தேன்? ஃபார்மலின் பாட்டிலில் போட்டேன். பரிசோதனைக்கு அனுப்ப அதுதான் முறை. அன்றும் என் கை போட்டது. மூளையைக் கேட்கவில்லை, கண்ணைக் கேட்கவில்லை, போட்டு மூடியையும் திருகிவிட்டது.

செல்லுக்கு உணவூட்டும் இளஞ்சிவப்பு நீர் நிறைந்த குப்பியை ஏந்திக்கொண்டு, செல் வளர்க்கும் அறைப் பெண் வாசலில் நின்றாள். என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். “அக்கா, இது ஃபார்மலினா?” என்று மட்டும் கேட்டாள். ஃபார்மலின் செத்ததைக் கெடாமல் காக்கும், உயிருள்ளதைக் கொன்றுவிடும். கோட்டைக்குள் போய்ப் போராடிப் பிழைத்துக் கிடந்தவர்களை, மீட்கப்போன நானே கொன்றுவிட்டேன்.

டாக்டர் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார். நான் விடவில்லை. மறுநாள் காலை வார்டுக்குப் போய், கட்டிலின் கால்மாட்டில் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் மனைவி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“ரெண்டு மாசமா இவரைத் தூங்க வச்சு, ஊட்டி விட்டு, இந்த ஒரு நாளைக்காகக் கொண்டு வந்தேன். நீங்க பாட்டில மாத்திப் போட்டுட்டேன்னு சொல்றீங்க.”

 

முதுகுக் கட்டி இருக்கிறது, அதை எடுக்கலாம், ஆனால் இன்னொரு ஆபரேஷன், இன்னும் மூன்று வாரம் தள்ளிப்போகும், நான் அந்தப் பக்கமே வரமாட்டேன், வேறு நர்ஸ் நிற்பார் என்று சொல்லித் திரும்பினேன். வேலையை விடும் கடிதம் என் பையில் இருந்தது. கட்டிலில் இருந்து அவர் கூப்பிட்டார்.

“சிஸ்டர், ஒரு பில்டிங்ல நான் ஒரு நட்டை முடுக்காம வந்துட்டேன். லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு, உள்ள ஏழு பேர். அன்னையிலேருந்து எந்த நட்டையும் மூணு தடவ பார்க்காம நான் இறங்குனதில்ல. அடுத்த ஆபரேஷனுக்கு நீங்கதான் நிக்கணும். இந்தத் தப்ப இனிமே பண்ணவே மாட்டாங்கன்னு நான் நம்பக்கூடிய ஒரே ஆள் நீங்கதான்.”

அவையோரே! என்னை மன்னித்தாரா அவர்? இல்லை. மன்னிப்பு என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. களைத்துப்போய் விலக நின்றவளை வேலைக்குத் திருப்பி அனுப்பினார்!

இரண்டாம் ஆபரேஷன் அன்று நான் போட்ட ஏற்பாடு இன்றுவரை இங்கே நடக்கிறது. கத்தியை எடுக்கும் முன் ஃபார்மலின் பாட்டில்கள் அறையை விட்டு வெளியே போகும். போயிற்றா என்று நான் மூன்று தடவை கேட்பேன். மூன்று தடவையும் பெரிய டாக்டரே பதில் சொல்லியாக வேண்டும். சிரிக்கிறார் பாருங்கள்! அன்று சிரிக்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில் நுரையீரல் கட்டிகள் வளர்ந்துவிட்டன. முதுகுக் கட்டியிலிருந்து பிரித்த செல்கள் முதலில் பெருகவே இல்லை. பதினோராம் நாள் அந்தச் செல் அறைப் பெண் படியேறி ஓடி வந்து, அக்கா, பெருகுது என்றாள். நான் துணி மடிக்கும் மேசையில் தலையை வைத்து அழுதேன். ஐந்து வாரம் கழித்து, ஒரு சின்னப் பையிலிருந்து கலங்கிய நீர் போல அவருடைய சொந்தக் காவலர்கள் அவருடைய கைநரம்பில் இறங்கினார்கள். குளிர், நடுக்கம், காய்ச்சல் என்று பதினைந்து நாள் படாத பாடு பட்டார். அவர் மனைவி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பதினாறாம் நாள், அவர் குடிக்க மறுத்த கஞ்சியை என்னிடம் நீட்டி, “நீங்க சொன்னா குடிப்பாரு” என்றார்.

நுரையீரல் கட்டியில் ஒன்று கரைந்தது. மற்றது சுருங்கி, அப்படியே நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பயப்படுகிறோம்.

புதிய கூடத்தில் வேலைக்கு வரும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்வேன். தவறு செய்தவர் தானே வந்து சொல்லும் இடமாக இதை வைத்திருங்கள். சொன்னவரைத் துரத்தாதீர்கள். களைத்த செல்லுக்குக் காட்டும் பொறுமையைக் களைத்த மனிதருக்கும் காட்டுங்கள்!

அந்த மெக்கானிக்கை இந்த மேடைக்கு அழைத்தேன். இன்றைக்குக் கூட்டம் அதிகம், லிஃப்ட் மாட்டிக்கொண்டால் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று மறுத்துவிட்டார். ஆம், நீங்கள் இந்த ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்தது அவர் முடுக்கிய நட்டுகளை நம்பித்தான்! இறங்கும்போது கீழே சாவிக்கொத்தோடு நிற்பார். உடம்பு எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்காதீர்கள். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட தலைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.